நூற்று நான்கு முட்டுச்சந்துகள்

பத்துப் பெயரையும் நான்தான் சொன்னேன். யாரும் என் கையை முறுக்கவில்லை, மிரட்டவில்லை. தலைமையாசிரியை அறையில் மின்விசிறிக்குக் கீழே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் பெருமையோடு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. பாடம்தான் பெயர். வரலாறு இன்றைக்கு லீவு, ஆங்கிலத்துக்குக் காய்ச்சலாம் என்றுதான் பேச்சு நடக்கும். நான் கணக்கு. பத்தாம் வகுப்பு அ பிரிவுக்கு வகுப்பாசிரியை. பக்கத்து நாற்காலி அறிவியல். ஆ பிரிவு அவளுடையது. பதினொரு வருடமாக எங்களுக்கு ஒரே மேஜை, ஒரே அலமாரிச் சாவி, மதியத்தில் இரண்டு டப்பாவையும் நடுவில் வைத்து ஒரே சாப்பாடு. என் மாமியாருக்குத் தெரியாத சங்கதியெல்லாம் அவளுக்குத் தெரியும். அவ்வளவு நம்பினேன்.

முட்டுச்சந்து என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு என் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே போய், எங்கேயாவது வழி தெரியாமல் நின்றுவிட்டால், அழித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதக் கூடாது. நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத வேண்டும்: எந்த இடத்தில் நின்றேன், இதுவரை எனக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரிந்தால் நகரலாம், அதை எங்கே போய்க் கேட்கலாம். நாலே வரி. பிறகு எப்போதாவது வழி கிடைத்தால், அதன் ஓரத்தில் ‘வெளியே வந்தேன்’ என்று தேதி போட வேண்டும். அன்றைக்கே வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம்.

முதலில் பிள்ளைகள் லேசில் மசியவில்லை. தெரியாது என்பதைத் தன் கையால் எழுதித் தர எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு வரும். அதனால் மூன்று வாக்குக் கொடுத்தேன். இதற்கு மதிப்பெண் கிடையாது. இதற்காகத் திட்டு கிடையாது. இதை உன்னையும் என்னையும் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்றாவதைச் சொன்ன பிறகுதான் எழுதவே தொடங்கினார்கள்.

இந்த வழி சரிதான் என்று எனக்கு நிரூபித்துக் காட்டியது ஒரு பெண். அப்போது எட்டாம் வகுப்பு; அதிலிருந்து பத்துவரை அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் கணக்கு. வகுப்பில் அவளைக் கேள்விக்குறி என்பார்கள். கொஞ்சம் கூன் போட்டு உட்காருவாள், வாயைத் திறந்தால் கேள்விதான் வரும், இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர். அவள் அம்மா தையல் கடையில் காஜா எடுக்கிறவர். ஒருநாள் வேண்டுமென்றே குறையாக ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு குழாயில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் வருகிறது, இன்னொன்றில் எட்டு லிட்டர். இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி எத்தனை நிமிடத்தில் நிறையும்? முப்பத்தேழு பிள்ளைகள் கூட்டிப் பார்த்து ‘இருபது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்கள். கேள்விக்குறி மட்டும் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், தொட்டி எவ்ளோ பெருசு?”

வகுப்பே சிரித்தது. அவள் விடவில்லை.

“அதுல ஏற்கெனவே தண்ணி இருக்கா, காலியா?”

எனக்கு அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறை முழுக்கச் சுற்றி வரலாம் போலிருந்தது. மதியம் சாப்பிடும்போது அறிவியலிடம் இதை மூன்று தரம் சொன்னேன். “போதும்டி, என் தொட்டி நிறைஞ்சு வழியுது” என்றாள். அதற்குப் பிறகு மூன்று வருடமாக முட்டுச்சந்து இல்லாமல் எங்கள் மதியச் சாப்பாடு முடிந்ததில்லை. அதிகம் முட்டிக்கொள்கிற பிள்ளைதான் அதிகம் நடந்து பார்க்கிற பிள்ளை, பின்பக்கம் காலியாக இருந்தால் பார்த்து எழுதுகிறது என்று அர்த்தம் என்பதை அவளுக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்று கணக்கு டீச்சரான எனக்கே கணக்கில்லை. பிறகு நடந்ததை அவள் தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால், அவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

பொதுத்தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் டப்பாவை மூடிக்கொண்டே அறிவியல் சொன்னாள்.

“மேடம் உன் முட்டுச்சந்தைப் பத்திக் கேட்டாங்க. நான்தான் எடுத்துச் சொன்னேன். திங்கக்கிழமை ஸ்கூல் கமிட்டி வருதாம், அவங்க முன்னாடி நீயே பேசணுமாம்.”

“என்னத்துக்கு?”

“எல்லா வகுப்புக்கும் கொண்டு வரலாம்னு பாக்கறாங்க போல. நோட்டுங்களைக் கொண்டு வா. நல்லா நிறைய எழுதியிருக்கற பத்துப் பேரை மேல வை. பத்து போதும்.”

எனக்கு முதலில் மூன்றாவது வாக்குதான் நினைவுக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் கூடவே, பள்ளி முழுக்க எல்லாப் பிள்ளைகளும் நோட்டைத் திருப்பி எழுதுகிற மாதிரி ஒரு காட்சியும் வந்தது. பதினொரு வருடத்தில் என்னை யாரும் கூப்பிட்டு நீ செய்வது நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. வாக்கை ஓரமாகத் தள்ளி வைத்தேன். நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில் நோட்டுகளைக் கேட்டேன். திருத்தித் தருகிறேன் என்றேன். எல்லோரும் கொண்டுவந்து அடுக்கினார்கள். கேள்விக்குறி நோட்டை நீட்டினாள், ஆனால் கையை எடுக்கவில்லை.

“முட்டுச்சந்தை எங்க பெஞ்சுக்கு வந்துதானே பாப்பீங்க டீச்சர்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டீங்களே.”

“இந்த வாட்டி மட்டும். திருத்தத்தான்.”

“சரிங்க டீச்சர்.”

கையை எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் தரை முழுக்க நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு எண்ணினேன். என் வீட்டுக்காரர் தாண்டித் தாண்டிப் போனார். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முட்டுச்சந்து எழுதியிருக்கிறது, எத்தனையில் வெளியே வந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்தேன். கேள்விக்குறிக்கு நூற்று நான்கு. அதில் எண்பத்தொன்பதில் வெளியே வந்திருந்தாள். ஒரு இடத்தில், ‘எங்கே போய்க் கேட்கலாம்’ என்பதற்கு ‘அம்மாவிடம், துணி அளக்கும்போது’ என்று எழுதியிருந்தாள். மேலிருந்து பத்து நோட்டைப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு, கல்யாணத்துக்குப் பெண்ணை அனுப்புகிற மாதிரி பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அறிவியல் என் பக்கத்தில். என்னைப் பேசவிட்டார்கள். நானும் பேசினேன், பேசினேன், தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை பேசினேன். தலைமையாசிரியை பேனாவை எடுத்தார்.

“இதுல ரொம்ப அதிகமா நின்னு போற பிள்ளைங்க யார் யாரு டீச்சர்? வரிசையா சொல்லுங்க.”

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

“இந்த முதல் பொண்ணு எத்தனை இடத்துல நின்னிருக்கா?”

“நூத்தி நாலு மேடம்” என்றேன், என் மகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வது போல.

கமிட்டிக்காரர்களில் ஒருவர் உச்சுக் கொட்டினார். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்த எண்பத்தொன்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அறிவியல் மேஜைக்கடியில் என் கையை அழுத்தினாள். போதும், நன்றாகப் பேசிவிட்டாய் என்கிற அழுத்தம் அது. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வாயை மூடினேன். தலைமையாசிரியை தாளைத் திருப்பி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். மேலே என்ன தலைப்பு இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கேள்வியை முழுதாகப் படிக்காமல் விடை எழுதாதே என்று பிள்ளைகளிடம் தினமும் தொண்டை வறளக் கத்துகிறவள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். பத்தாம் வகுப்பில் பலவீனமான பத்து மாணவர்களைப் பள்ளியின் சார்பில் தேர்வுக்கு அனுப்பப்போவதில்லை, அவர்கள் தனித்தேர்வர்களாக விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. அதாவது பள்ளியின் நூறு சதவீதத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறவர்கள் வேறெங்காவது போய் எழுதட்டும், தோற்றால் அது எங்கள் கணக்கில் வராது என்று அர்த்தம். அதுவரைக்கும் அவர்களுக்கு வகுப்பறை கிடையாது. பழைய ஆய்வுக்கூடத்தில் உட்கார வேண்டும், எந்த ஆசிரியர் சும்மா இருக்கிறாரோ அவர் போய்ப் பார்த்துக்கொள்வார். பத்தும் என் பெயர்கள், நான் சொன்ன அதே வரிசையில். கடைசியில், ‘வகுப்பாசிரியையின் பரிந்துரைப்படி’.

ஆ பிரிவிலிருந்து ஒருவர்கூட இல்லை. காலாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பார்த்திருந்தால் பத்தில் ஏழு பேர் அங்கிருந்துதான் போயிருக்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியர் அறையில் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். நிமிரவில்லை.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியும்.”

“அன்னைக்கே?”

“போன வாரமே. பத்துப் பேர் வேணும், ஆதாரத்தோட வேணும்னாங்க. மார்க்கை வெச்சா என் பசங்க போவாங்க.” அடிக்கோல் நகர்ந்தது. “என் வகுப்புல ஏழு பேர். இதுல ரெண்டு பேர் வீட்டுல வந்து என் கால்ல விழாத குறை. நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“உன்கிட்ட வந்து சொல்லியிருப்பேன். ரெண்டு பேருமா சேர்ந்து சண்டை போட்டிருப்போம்.”

“சண்டை போட்டு என்னத்தை ஜெயிச்சிருப்ப? உன் பிள்ளைங்க கெட்டிக்காரப் பிள்ளைங்க. தனியா எழுதினாலும் பாஸ் பண்ணிடும். என்னுதுங்க பள்ளிக்கூடத்தை விட்டா அவ்ளோதான். யோசிச்சுத்தான் பண்ணேன்.”

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யோசித்துச் செய்திருக்கிறாள். என்ன தெரியும், இன்னும் என்ன வேண்டும், எங்கே போய்க் கேட்கலாம். பதினொரு வருடமாக அவள் டப்பாவிலிருந்து நான் எடுத்துச் சாப்பிட்டதற்கு, என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது அதுதான். நான் வாய் ஓயாமல் கற்றுக்கொடுத்ததை வைத்தே என் கழுத்தை அறுத்திருக்கிறாள். அவள் ஏதாவது உளறியிருந்தால், அழுதிருந்தால், ஒருவேளை ஒரு வருடம் கழித்தாவது பேசியிருப்பேன். என் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போனேன். இன்றுவரை அங்கேதான் சாப்பிடுகிறேன்.

தலைமையாசிரியையிடம் போனேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

“நீங்களே உங்க வாயால சொன்னீங்க டீச்சர். நூத்தி நாலு இடத்துல தெரியலைன்னு ஒரு பொண்ணு தன் கையெழுத்துல எழுதி வெச்சிருக்கு. உங்க கையெழுத்தும் இருக்கு. கமிட்டிகிட்ட போய் இப்ப மாத்திச் சொன்னா, உங்களுக்குத்தான் அசிங்கம்.”

“எனக்கு அசிங்கம் பரவாயில்ல மேடம். எழுதித் தரேன்.”

“தாங்க. வெச்சுக்கறேன்.”

எழுதித் தந்தேன், நாலு பக்கம். எண்பத்தொன்பதை முதல் வரியிலேயே போட்டேன். வாங்கி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில்கூட இல்லை, இழுப்பறையில் வைத்துச் சாத்தினார். கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனேன். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர், அன்றைக்கு உச்சுக் கொட்டியவர், வாசலிலேயே வைத்துப் படித்துவிட்டு, பள்ளியின் பட்டியல் தேர்வுத்துறைக்குப் போய்விட்டதே அம்மா என்றார்.

புதன்கிழமை கேள்விக்குறியின் அம்மா வந்தார். கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், முழங்கை வரைக்கும் நூல் துணுக்குகள். சண்டை போடுவார் என்று நினைத்து, திருப்பிச் சொல்ல என்னென்னவோ தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் சண்டை போடவில்லை.

“எழுதச் சொன்னதைத்தானே டீச்சர் எழுதினா” என்றார். “எழுதாத பிள்ளைங்க எல்லாம் உள்ள இருக்குது.”

நடந்ததையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நானே வாங்கி நிரப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம், கடை முதலாளியின் மகன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அ பிரிவுக்குள் நுழைந்தேன். முப்பத்தெட்டில் இருபத்தெட்டு. காலியான இடத்துக்கெல்லாம் மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், போனவர்கள் இருந்த தடமே இல்லை. யாரும் என்னை முறைக்கவில்லை. இன்னும் சொன்னால், அவ்வளவு மரியாதையான வகுப்பை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடமும் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க டீச்சர்” என்று ஒரே குரலில் சொன்னார்கள், காலை வணக்கம் சொல்வது போல.

கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். ஒரு பேருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேரும்?

எவ்வளவு தூரம் என்று நான் எழுதவில்லை. யாராவது கேட்கட்டும் என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கையாவது எழும் என்று இருபது நிமிடம் நின்றேன். பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு நோட்டுகள் வந்தன. இருபத்தெட்டிலும் பதினொரு மணி. எப்படி வந்தது என்று தெரியவில்லை, யாரோ ஒருவர் முதலில் எழுதியிருக்க வேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பின்பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். பழைய முட்டுச்சந்துகள் எல்லாம் கிழிக்கப்பட்டிருந்தன. அதுவும் கந்தலாக அல்ல, அளவுகோல் வைத்து, ஓரம் பிசிறாமல்.

சாயங்காலம் பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மற்ற ஒன்பது பேரும் கிளம்பியிருந்தார்கள். கேள்விக்குறி பையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நோட்டை நான் கொண்டுபோயிருந்தேன், தலைமையாசிரியை அறையிலிருந்து கேட்டு வாங்கியது. அவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். நேராக உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் சொன்னேன். அறிவியல் என்ன செய்தாள், கமிட்டியில் என்ன நடந்தது, தாளில் என்ன தலைப்பு இருந்தது, நான் எப்படிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான் ஏமாற்றப்பட்டதைச் சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் பரிதாபம் வந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று வருடத்தில் நான் இவ்வளவு நேரம் பேசி அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

திருத்தத்தான் என்று சொல்லி நோட்டை வாங்கினேனே, அதை மட்டும் நான் சொல்லவில்லை. அவள் கேட்பாள், அப்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

“ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றேன் கடைசியில்.

அவள் நோட்டை வாங்கினாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் அப்படியே பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள்.

“இல்லைங்க டீச்சர்” என்றாள். “எல்லாம் புரிஞ்சுது.”